சுழலும் உருளையின் முன் ஒரு குடும்பம்: சான் ஹொசே குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பெற்றோரின் பேச்சு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில், குவாடலூப்பே ஆற்றை ஒட்டிய பூங்காவில், 1990-ஆம் ஆண்டு 'சில்ரன்ஸ் டிஸ்கவரி மியூசியம்' திறக்கப்பட்டது. மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகொரெட்டா வடிவமைத்த அந்தக் கட்டடம் முழுக்க ஊதா நிறமுடையது என்பதால், வழி கேட்காமலே அதைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே நீர் ஓடும் தொட்டிகளும், சோப்புக் குமிழி விடும் மேசைகளும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனிப் பகுதியும் உள்ளன.

குழந்தைகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் என்ற எண்ணம் அதைவிட மிகப் பழையது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-இலும், பாஸ்டனில் 1913-இலும், இண்டியானாபொலிஸில் 1925-இலும் அத்தகைய நிறுவனங்கள் தோன்றின. அவற்றில் வெகுகாலம் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தன. 1960-களில் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த மைக்கேல் ஸ்போக், பெட்டிகளை விலக்கிவிட்டுப் பிள்ளைகள் தொட்டும் திருப்பியும் பார்க்கும்படி பொருள்களை வெளியே வைத்தார். 1969-இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், இந்த முறையை அறிவியல் கூடங்களுக்கும் கொண்டு சென்றது.

இந்த மாற்றத்தால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பது தெளிவு. பெற்றோருக்கு என்ன நேர்ந்தது என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டி இருந்த காலத்தில், அதன் கீழுள்ள குறிப்பைப் படித்துச் சொல்வது தாய் தந்தையரின் வேலையாக இருந்தது. பெட்டி போனபின் அந்த வேலையும் போயிற்று. பிள்ளை தானே தொட்டுத் தானே கற்கும் என்று கொண்டால், பெற்றோர் பைகளைப் பார்த்துக்கொண்டு ஓரத்துப் பலகையில் அமர்ந்திருப்பவர் ஆகிறார். 1990-களில் சான் ஹொசேயில் தொடங்கி இன்றுவரை கிளைவிட்டுத் தொடரும் இந்த நிகழ்வின் மையம், அந்தப் பலகைக்கும் காட்சிப்பொருளுக்கும் இடையிலுள்ள சில அடி தூரம்தான்.

கேள்வி எழுந்த விதம்

சான் ஹொசேயிலிருந்து மலைச்சாலை வழியாகச் சென்றால் சாண்டா குரூஸ் வந்துவிடும். அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகத்தில் குழந்தை வளர்ச்சி உளவியலை ஆய்ந்து வந்த மௌரீன் கலனன், மழலையர் வீட்டில் கேட்கும் 'ஏன்' என்ற கேள்விகளையும் அவற்றுக்குப் பெற்றோர் சொல்லும் பதில்களையும் நாட்குறிப்பாகப் பெற்றோரையே எழுதச் செய்து, 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தார். குழந்தையின் காரண அறிவு தனியே முளைப்பதில்லை, குளிக்கும்போதும் வண்டியில் போகும்போதும் நடக்கும் பேச்சில் அது உருவாகிறது என்பது அவ்வாய்வின் போக்கு. அவரும் கெவின் கிரௌலியும் உடன் ஆய்வாளர்களும் அடுத்து நாடிய இடம் அருங்காட்சியகம். அங்கே குடும்பம் தானாக வருகிறது, யாரும் பாடம் நடத்தச் சொல்வதில்லை, தேர்வும் இல்லை. அத்தகைய இடத்தில் ஒரு தாயோ தந்தையோ அருகில் நிற்பதால் பிள்ளையின் ஆராய்ச்சியில் ஏதேனும் மாறுகிறதா என்பதே அவர்கள் முதலில் கேட்டது.

அருங்காட்சியகம் இதற்கு இசைந்தது கவனிக்கத்தக்க முடிவு. வருவோரின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதோடும், வெளியே போகும்போது ஒரு படிவத்தை நீட்டுவதோடும் பல நிறுவனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. பேச்சைப் பதிவுசெய்யவிட்டால் தன் காட்சிப்பொருள்களின் குறைகளும் வெளியே வரும் என்று தெரிந்தே ஒரு நிறுவனம் இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

முறை எளிமையானது. குடும்பங்கள் உள்ளே நுழையும்போது விவரம் சொல்லி ஒப்புதல் பெறப்பட்டது. ஒப்புக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளின் சட்டையில் வயதைக் காட்டும் ஓர் ஒட்டுவில்லை ஒட்டப்பட்டது. தேர்ந்தெடுத்த காட்சிப்பொருள்களின் அருகே ஒளிப்பதிவுக் கருவியும் ஒலிவாங்கியும் வைக்கப்பட்டன. எந்தப் பொருளிடம் போக வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று எவருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. பதிவான குடும்பங்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை.

உருளையின் முன் காணப்பட்டவை

முதலில் விரிவாக ஆராயப்பட்ட காட்சிப்பொருள் ஜோயட்ரோப். 1834-இல் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த கருவியின் வழிவந்தது அது. மேல்புறம் திறந்த ஓர் உருளை. அதன் சுவரில் செங்குத்தான மெல்லிய பிளவுகள். உட்சுவரில் ஓர் அசைவின் அடுத்தடுத்த நிலைகளை வரைந்த படச்சுருள். உருளையைச் சுழற்றிப் பிளவின் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தால் படம் ஓடும், குதிக்கும், பறக்கும். அதே வேகத்தில் சுழலும்போது மேலே எட்டிப் பார்த்தால் வெறும் கலங்கல்தான். சுழற்றாமல் பிளவு வழியே பார்த்தால் அசையாத ஓர் ஓவியம். பிளவு ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே காட்டி மறைப்பதால் தனித்தனிப் படங்கள் ஒட்டி அசைவாகின்றன. பிளவு இல்லாவிட்டால் எல்லாம் இழுபட்டுக் கலந்துவிடுகின்றன.

இளம் பிள்ளைக்கு இதில் அறிவியலும் ஓவியமும் ஒரே பொருளாக வந்து சேர்கின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அசைவை எத்தனை படமாகப் பிரித்து வரைவது என்பது கலைக் கேள்வி. அது ஏன் ஒட்டித் தெரிகிறது என்பது அறிவியல் கேள்வி. நான்கு வயதில் இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் பிள்ளையைத் தனியே விட்டால் அது செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: உருளையை வேகமாகச் சுழற்றுவது. கைக்கு அது நல்ல விளையாட்டு. பிளவு பிள்ளையின் கண்மட்டத்தில் இல்லாவிட்டால், மேலே எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடலாம்.

நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்ட 91 குடும்பங்கள் இந்த உருளையிடம் வந்தது ஆராயப்பட்டு, 2001-இல் முடிவு வெளியாயிற்று. பெற்றோருடன் சேர்ந்து பார்த்த பிள்ளைகள் கூடுதல் நேரம் நின்றார்கள். பொருளின் பல பகுதிகளையும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எதை எதனோடு ஒப்பிட வேண்டுமோ அதை ஒப்பிட்டார்கள். பிளவு வழியே ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை, மீண்டும் பிளவு வழியே என்று பார்ப்பதுதான் இக்கருவியின் முழு ரகசியத்தையும் திறக்கும் ஒப்பீடு. 'குனிந்து இந்த ஓட்டை வழியாப் பாரு, இப்போ மேலேயிருந்து பாரு, எது ஓடுற மாதிரி இருக்கு' என்பது போன்ற பேச்சு அதைத்தான் செய்கிறது. சோதனைக்கூடத்தில் மாணவனுக்கு ஆசிரியர் கற்பிக்கும், ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனையை, பெயர் சொல்லாமலே பெற்றோர் நடத்திக்கொண்டிருந்தனர்.

சில வேளைகளில் பெற்றோர் ஒரு படி மேலே போய் விளக்கமும் தந்தனர்: காரணம் சொல்வது, பிள்ளை முன்பு கண்ட ஒன்றோடு இணைப்பது, பொதுவான கருத்தொன்றை நுழைப்பது. இவ்விளக்கங்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியம், சிலபோது பாதி வாக்கியம். நூல் கணக்கில் பார்த்தால் முழுமையற்றவை. ஆனால் கை உருளையில் இருக்கும்போதே வந்தவை. பெற்றோர் அறிவியல் அறிந்தவராக இருந்தால்தான் உதவ முடியும் என்ற அச்சத்தை இந்தக் கண்டறிதல் பெரிதும் குறைக்கிறது என்றே நான் கருதுகிறேன். எங்கே பார்ப்பது, எதனோடு ஒப்பிடுவது என்று காட்ட இயற்பியல் பட்டம் வேண்டியதில்லை.

எதிர்பாராத கண்டறிதல்

அதே 2001-இல், கிரௌலி, கலனன் ஆகியோருடன் ஹாரியட் டெனன்பாம், எலிசபெத் ஆலன் ஆகியோரும் சேர்ந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். இம்முறை ஒரே பொருளோடு நிற்காமல், அருங்காட்சியகத்தின் பல அறிவியல் காட்சிப்பொருள்களின் முன் பதிவான பேச்சை எடுத்துக்கொண்டு, அதை மூன்றாகப் பிரித்தார்கள்: பொருளை எப்படிக் கையாள்வது என்ற பேச்சு, கண்ணுக்குத் தெரியும் சான்று பற்றிய பேச்சு, அது ஏன் அப்படி நிகழ்கிறது என்ற விளக்கம்.

முதல் இரண்டிலும் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை. எந்தக் கைப்பிடியைத் திருப்புவது, இப்போது என்ன தெரிகிறது என்று இருவரிடமும் ஒரே அளவில் பேசினர். விளக்கத்தில் மட்டும், மகளைவிட மகனுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது.

இந்த எண்ணை எதிர்கொண்டதும் எழும் முதல் மறுப்பு, பெண் குழந்தைகள் அந்தப் பொருள்களில் அவ்வளவு ஆர்வம் காட்டியிருக்கமாட்டார்கள் என்பது. ஆனால் ஆர்வக் குறைவு காரணமாக இருந்தால் கையாளும் பேச்சும் சான்றுப் பேச்சும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும், அவை குறையவில்லை. மகளோடும் பெற்றோர் நின்றார்கள், காட்டினார்கள், பேசினார்கள். 'ஏன்' என்ற இடம் வந்தபோது மட்டும் பேச்சு நின்றுவிட்டது. பெற்றோர் இதை அறிந்து செய்தார்கள் என்றும் ஆய்வு சொல்லவில்லை. பள்ளியில் அறிவியல் பாடம் தொடங்கும் முன்பே ஓர் இடைவெளி இப்படி, யாரும் விரும்பாமலே, அன்பான ஒரு விடுமுறை நாளில் உருவாகிவிடக்கூடும் என்பதுதான் அவர்கள் விடுத்த எச்சரிக்கை.

இங்கே ஒரு வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் கிடைக்காத சிறுமிகள் பின்னாளில் அறிவியலில் பின்தங்கினர் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அவர்களைத் தொடர்ந்து சென்று அது பார்க்கவில்லை. செய்தித்தாள் தலைப்புகளாக இத்தகைய முடிவுகள் சுருங்கும்போது முதலில் உதிர்வது இந்த வரம்புதான்.

அருங்காட்சியகம் எடுத்த முடிவும் அதன் காரணமும்

இந்நிலையில் நிறுவனத்தின் முன் எளிதான ஒரு வழி இருந்தது: 'உங்கள் மகளுக்கும் விளக்குங்கள்' என்று ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஓர் அறிவிப்பு வைப்பது. குற்றவுணர்வோடு நிற்கும் பெற்றோர் நல்ல விளக்கம் தருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அறிவிப்பைப் படிக்க நிற்கும் நேரத்தில் பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருக்கும் என்பது அருங்காட்சியகத்தில் ஒரு நாள் நின்றவர் எவருக்கும் தெரியும்.

நிறுவனம் வேறு வழியை எடுத்தது. பெற்றோரைத் திருத்துவதற்கு மாறாகப் பொருளை மாற்றுவது என்பது அதன் சாரம். சிறுமிகளை மனத்தில் கொண்டு, ஆலிஸ் என்ற சிறுமி வியப்புலகில் நுழையும் புகழ்பெற்ற கதையைச் சட்டகமாக வைத்து, அக்கதையின் காட்சிகளுக்குள் அறிவியல் செயல்களைப் பொருத்திய 'ஆலிஸஸ் வொண்டர்லேண்ட்' என்ற காட்சிக்கூடத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு உருவாக்கியது.

கலையும் அறிவியலும் இங்கே சேர்ந்தது அலங்காரத்துக்காக அன்று. கதை இருக்கும் இடத்தில் 'ஏன்' என்று கேட்பது இயல்பாகிவிடுகிறது: இவள் ஏன் சிறுத்துப் போனாள், இது ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்று தொடங்கும் பேச்சு, காரணம் சொல்லும் பேச்சாகத் தானே மாறக்கூடியது. கைப்பிடியும் பற்சக்கரமும் மட்டும் உள்ள பொருளின் முன் 'இது பையன்களுக்கானது' என்று பெற்றோரின் உள்மனம் முன்முடிவு செய்திருக்கலாம். கதைக்குள் நுழைந்தவுடன் அந்த முன்முடிவுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இது என் வாசிப்பு. நிறுவனத்தின் சொற்கள் அல்ல. நாயகியே கேள்வி கேட்டுக்கொண்டு அலையும் சிறுமி என்பதும் தற்செயலாக இருக்க முடியாது.

தொடர்ந்து நிகழ்ந்தவை

அக்காட்சிக்கூடத்தில் குடும்பங்களின் பேச்சை மீண்டும் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, மகனுக்கும் மகளுக்கும் இடையே முன்பு கண்ட விளக்க இடைவெளி சுருங்கியிருந்தது. பெற்றோருக்கு எந்தப் பயிற்சியும் தராமல், இடத்தின் அமைப்பை மாற்றியதால் மட்டும் இது நேர்ந்தது என்பதே இந்நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பின்னர் இக்காட்சிக்கூடம் பயணக் காட்சியாகி, அமெரிக்காவின் பிற நகர அருங்காட்சியகங்களுக்கும் சென்றது.

விளக்கம் பிள்ளைக்கு உண்மையில் எதைத் தருகிறது என்ற கேள்வியைக் கிரௌலி பின்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து தொடர்ந்தார். ஜோடி ஃபெண்டருடன் சேர்ந்து 2007-இல் அவர் வெளியிட்ட ஆய்விலும் அதே சுழலும் உருளைதான். பெற்றோரின் விளக்கத்தைக் கேட்ட பிள்ளைகள், 'சுத்தினேன், பார்த்தேன்' என்று செய்ததைச் சொல்வதிலிருந்து, படங்கள் எப்படி அசைவாகின்றன என்ற கருத்தைச் சொல்வதற்கு நகரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

பெற்றோருக்கு முன்கூட்டியே சிறிது சொல்லிவைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிகாகோவில் வேறொரு குழு பார்த்தது. அந்நகரக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில், துண்டுகளைத் திருகாணியால் பூட்டி வானுயர் கட்டடம் எழுப்பும் ஒரு பகுதி உண்டு. கேத்தரின் ஹேடனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சில குடும்பங்களுக்குக் குறுக்குச் சட்டம் வைத்தால் கட்டடம் ஆடாது என்ற கட்டுமானக் குறிப்பும், சிலருக்கு 'என்ன, ஏன், எப்படி' என்று கேட்டுப் பேசும் குறிப்பும் தரப்பட்டன. பேச்சுக் குறிப்புப் பெற்ற பெற்றோர் அத்தகைய கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டனர். கட்டுமானக் குறிப்புப் பெற்றவர்கள் உறுதியான கட்டடம் எழுப்பினர். ஆகப் பெற்றோரின் பேச்சு பிறவிக் குணம் இல்லை. சில நிமிடத்தில் மாறக்கூடியது.

ஆயினும் விளக்கம் கூடக்கூட நல்லது என்று இங்கே முடித்துவிட முடியாது. சான் ஹொசே, டெக்சஸின் ஆஸ்டின், ரோட் தீவின் பிராவிடன்ஸ் ஆகிய மூன்று ஊர்களின் குழந்தைகள் அருங்காட்சியகங்களில், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் பற்சக்கரங்களோடு விளையாடுவதைப் பதிவுசெய்த பெரிய ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. அதில் குடும்பங்கள் மூன்று வகையாகத் தெரிந்தன: பெற்றோர் நடத்துபவை, பிள்ளை நடத்துபவை, இருவரும் சேர்ந்து நடத்துபவை. மின்சுற்றுகளை வைத்து அதே ஆய்வாளர்களில் சிலர் செய்த இன்னோர் ஆய்வில், எதைச் செய்வது என்ற குறிக்கோளைப் பெற்றோரே வகுத்துவிட்ட இடங்களில், பின்னர் தனியே ஒரு புதிர் கொடுத்தபோது பிள்ளையின் ஈடுபாடு குறைந்திருந்தது. பிள்ளையின் கையிலிருந்து கம்பியை வாங்கித் தானே விளக்கை எரியவைத்துக் காட்டும் பெற்றோரை எந்த அறிவியல் கூடத்திலும் காணலாம். உருளையின் முன் பயன்பட்டது, பிள்ளையின் கை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சொன்ன அரை வாக்கியம். பாடம் நடத்தியது பயன்பட்டதாக எங்கும் காணோம்.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

முதல் குறை, யார் வந்தார்கள் என்பது. சீட்டு வாங்கி ஒரு நாளை ஒதுக்கி வரும் குடும்பமே பதிவாகிறது. மெக்சிகோ வழிவந்த குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டெனன்பாமும் கலனனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் கல்வி கூடுதலாகப் பெற்ற பெற்றோரே விளக்கமும் கூடுதலாகத் தந்தனர். அப்படியானால் மகன், மகள் என்ற கோட்டின் மேல் கல்வி என்ற இன்னொரு கோடும் குறுக்கே ஓடுகிறது. தொடக்க ஆய்விலேயே இதைச் சேர்த்து வடிவமைத்திருந்தால், பாலின இடைவெளி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவா என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது, மொழி. சான் ஹொசேயில் ஸ்பானிய, வியட்நாமிய மொழிகளைப் பேசுவோர் ஏராளம். அருங்காட்சியகமும் அவ்விரு சமூகத்தையும் உள்ளே கொண்டுவரத் தனி முயற்சிகள் எடுத்தது. அப்பகுதியின் கணினித் தொழிலில் உள்ள தமிழ்க் குடும்பங்களும் குறைவில்லை. வீட்டில் தமிழிலும் வெளியே ஆங்கிலத்திலும் பேசும் ஒரு தாய், 'ஏன்' என்பதற்கான பதிலை எந்த மொழியில் தொடங்குகிறார், ஆங்கிலச் சொல் கைவசம் இல்லாததால் விளக்கத்தையே விட்டுவிடுகிறாரா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். காட்சிப்பொருளின் குறிப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பதைவிட, அதன் முன் நிற்பவர் எந்த மொழியில் சிந்திக்கத் தயங்கவில்லை என்பது இங்கே பெரிது. தாத்தா, பாட்டி அழைத்துவரும் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மூன்றாவது, அமைப்பு. இது அருங்காட்சியகத்தின் கையில் உள்ளது. பெரியவர் ஒருவர் குனியாமல் உட்காரும் உயரத்தில் பிள்ளையின் கண்மட்டத்துக்கு நேராக ஒரு முக்காலி. இருவர் சேர்ந்து பிடித்தால் மட்டும் இயங்கும் இரு கைப்பிடிகள். பிளவு உள்ள ஓர் உருளையும் பிளவு இல்லாத ஓர் உருளையும் பக்கத்தில் பக்கத்தில். வெற்றுக் காகிதச் சுருளும் வண்ணக்கோலும் வைத்து, பிள்ளை தானே வரைந்ததை உள்ளே பொருத்திச் சுழற்றும் வசதி. நான் ஒரு காட்சிக்கூடத்துக்கு ஆலோசனை சொல்ல நேர்ந்தால் இவற்றில் கடைசியைத்தான் முதலில் கேட்பேன். தான் வரைந்த பறவை ஏன் பறக்காமல் துடிக்கிறது என்று பிள்ளை கேட்கும்போது, அருகில் நிற்கும் பெரியவர் அது மகனா மகளா என்று பார்த்துப் பதில் சொல்ல வாய்ப்புக் குறைவு. பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து இன்னொரு சுருளில் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டி வரைந்து பார்க்கலாம். ஆறேழு தாள்களும் ஒரு கத்தரிக்கோலும் கூடுதலாகச் செலவாகும்.